பட்டமும் பட்ட கடனும்

கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில், ஒரு நவம்பர் மாத மாலையில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஹால் டிக்கெட் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். கட்டணப் பாக்கி இருந்ததால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். துறையிலிருந்து யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் தேர்வெழுத விடுவார்கள். "பொங்கலுக்குள்ள கட்டிடுவேன் சார்" என்றாள். எப்படிக் கட்டுவாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பென்சிலால் கோடு கிழித்து ஆறு வரிகள் எழுதியிருந்தாள். வங்கி 2,10,000. குழு 40,000. செயின் 62,000. தோடு 18,000. தண்டல் 20,000. மாமா 45,000.

குழு என்றால் அம்மா உறுப்பினராக இருக்கும் மகளிர் சுய உதவிக் குழு. செயின் கூட்டுறவு வங்கியில். தோடு ஊரிலுள்ள அடகுக் கடையில். தண்டல்காரர் தினமும் மாலை வீட்டு வாசலுக்கு வருவார். மாமாவின் பெயருக்கு அருகில் மட்டும் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். அதிக வட்டியா என்று கேட்டேன். "மாமா வட்டியே கேக்கல சார். அவங்க பையனுக்கு என்னைக் கேக்கறாங்க" என்றாள்.

முதல் ஆண்டில் வகுப்பின் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தவளுக்கு அந்த நவம்பரில் மூன்று அரியர். படிப்பில் கவனம் போதவில்லை என்று அறிவுரை சொல்ல நான் தயாராக இருந்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

மாணவர் கடன் என்றதும் அரசும் வங்கிகளும் நாளேடுகளும் எண்ணிச் சொல்வது அவள் எழுதிய முதல் வரியை மட்டும்தான். மற்ற ஐந்து வரிகளும் குடும்பக் கடன், விவசாயக் கடன், நகைக் கடன் என்று வேறு வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. அந்த ஐந்து வரிகளையும் சேர்த்து எண்ணாதவரை கல்லூரி மாணவர்களின் மனநலத்தைப் பற்றி நாம் பேசுவது பாதிப் பேச்சு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கடனின் தொகையைவிட, கடன்காரர் யார், அவர்கள் எத்தனை பேர், அதை யாரிடம் மறைக்க வேண்டியிருக்கிறது என்பவைதான் மனத்தை அதிகம் அரிக்கின்றன. ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்கின்றன.

முதலில் அந்த முதல் வரியைப் பார்த்துவிடுவோம். இந்தியாவில் கல்விக் கடன் இன்றைய வடிவத்தைப் பெற்றது 2001-இல். இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தை ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு வணிக வங்கிகளுக்கு அனுப்பியது. அந்தத் திட்டத்தின்படி 4 லட்சம் வரை பிணை வேண்டாம். பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். படிக்கும் காலத்தில் தவணை கேட்கக் கூடாது. 2004-க்குப் பிறகு, ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த ஆண்டுகளில், இந்தக் கடனை வழங்குமாறு வங்கிகளை அவர் விடாமல் வலியுறுத்தினார். தமிழ்நாடு நாட்டிலேயே அதிகமாகக் கல்விக் கடன் பெற்ற மாநிலங்களின் முன்வரிசைக்கு வந்தது. 1980-களின் நடுவில் தொடங்கிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அதற்குள் மாவட்டத்துக்கு மாவட்டம் பெருகியிருந்தன. இடம் இருந்தது, கடன் கிடைத்தது, பிள்ளைகள் சேர்ந்தார்கள். 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் அது 47. செங்கல் சூளையிலும் பனியன் கம்பெனியிலும் நின்றிருக்க வேண்டிய எத்தனையோ கால்கள் கல்லூரி வகுப்பறைக்குள் வந்தன. அதில் கல்விக் கடனுக்கும் பங்கு உண்டு. அதை மறந்துவிட்டுக் கடனைப் பழிப்பது நன்றியாகாது.

ஆனால் அந்தக் கடன் வளரும் விதத்தைப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் வாங்கிய ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். வட்டி 10.5 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை என்றாலும் தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில் அந்த வட்டி மட்டும் 1,47,000 ஆகியிருக்கும். 5,47,000 ரூபாயைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,400 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது சுமார் 8,86,000. பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் புதிதாகச் சேருவோருக்கு ஆண்டுச் சம்பளம் மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே பல ஆண்டுகளாக நிற்கிறது. அந்த வேலையும் கிடைக்காமல் ஒரகடத்திலோ அம்பத்தூரிலோ மாதம் 16,000 சம்பளத்தில் சேருபவர், அறை வாடகையும் சாப்பாடும் போக, இந்தத் தவணையை எங்கிருந்து எடுப்பார்?

ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிக்கும் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. மேலே சொன்ன கணக்கில் 1,47,000 அப்படியே விழுந்துவிடும். அது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? வருமானச் சான்றிதழை உரிய நேரத்தில் வங்கியில் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் இழந்தவர்களை எனக்குத் தெரியும். 2018 முதல் தர மதிப்பீடு பெற்ற நிறுவனங்களுக்கும் படிப்புகளுக்கும் மட்டுமே அந்த வட்டி மானியம் என்று சுருக்கினார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்தது 860 முன்னணி நிறுவனங்களை. நாட்டில் உள்ள கல்லூரிகள் 45,000-க்கு மேல். கடனால் அதிகம் நொடிப்பவர்கள் அந்த 860-க்கு வெளியே, வளாகத் தேர்வுக்கு எந்த நிறுவனமும் எட்டிப் பார்க்காத கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள்.

தமிழ்நாடு அரசு தன் பங்குக்குச் செய்தவை குறைவல்ல. 2010 முதல் முதல் பட்டதாரிச் சலுகை. 2012 முதல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குச் சுயநிதிக் கல்லூரிகளிலும் கல்விக் கட்டணத்தை ஏற்கும் அரசாணை. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் கட்டண உதவியும். 2022-இல் புதுமைப்பெண், 2024-இல் தமிழ்ப்புதல்வன் உதவித்தொகைத் திட்டங்கள். இவ்வளவும் இருந்தும் அந்த ஐந்து வரிகள் எப்படி வந்தன என்பது நியாயமான கேள்விதான். சலுகை பெரும்பாலும் கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. விடுதி, மெஸ், கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், லேப்டாப், சீருடை, "இதர கட்டணம்" என்று ரசீதில் ஒற்றை வார்த்தையாக வரும் தொகை ஆகியவை வெளியே நிற்கின்றன. உதவித்தொகை வர வேண்டிய மாதத்தில் வராமல் அடுத்த கல்வியாண்டில் வரும். அதுவரை கல்லூரி காத்திருக்காது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

கடனும் மனமும் எப்படித் தொடர்புகொள்கின்றன என்று உலகின் பல இடங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டனில் ரிச்சர்ட் குக், மைக்கேல் பார்க்கம் முதலியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. படிப்பு முடியும்போது எவ்வளவு கடன் இருக்கும் என்று மாணவர்கள் எதிர்பார்க்கிறார்களோ அந்தத் தொகைக்கும் அவர்களது மனநலத்துக்கும் சொல்லத்தக்க தொடர்பு தெரியவில்லை. பணத்தைப் பற்றிய கவலை அதிகம் உள்ளவர்களின் மனநலமோ தெளிவாகக் குன்றியிருந்தது. தாமஸ் ரிச்சர்ட்சனும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிணையற்ற கடன் உள்ளவர்களிடம் மனநலப் பாதிப்பு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. கடன் மனத்தைக் கெடுக்கிறதா, மனம் நலிந்தவர் கடனில் விழுகிறாரா என்பதை இத்தகைய தொகுப்பால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. அதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2015-இல் கட்ரீனா வால்ஸ்மன் குழுவினர் இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளைக் கொண்டு, கல்விக் கடன் கூடக் கூட மன நலம் குறைவதைக் காட்டினார்கள்.

இவை எல்லாம் தொலைவில் நடந்தவை. நமக்கு மிக அருகில், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி நம் கல்லூரிகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை இரண்டு முறை சந்தித்தார்கள். வெட்டுக்கு முன் ஒருமுறை, கையில் பணம் இல்லாத காலம். வெட்டிய பிறகு ஒருமுறை, ஆலைப் பணம் வந்துவிட்ட காலம். முன்பு நகை முதலியவற்றை அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம். பின்பு 4 சதவீதம். இரண்டு முறையும் அதே விவசாயிக்கு வடிவங்களைப் பொருத்தும் புதிர்களும் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் தந்தார்கள். பணமுடை இருந்த காலத்தில் அதே மனிதர் குறைவாகவும் மெதுவாகவும் செய்தார். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த முடிவுகளின் அளவு பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்ததுண்டு. ஆனால் அவர்கள் சொன்ன அடிப்படை விளக்கம், வகுப்பறையில் நிற்கும் எவருக்கும் புரியக்கூடியது: பணக் கவலை மூளையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது, மிச்சமிருக்கும் இடத்தில்தான் மற்ற எல்லாவற்றையும் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

அந்த விவசாயிகளின் பிள்ளைகள்தான் இன்று திண்டிவனத்திலும் செஞ்சியிலும் திருவண்ணாமலையிலும் கல்லூரிக்குப் போகிறார்கள். அப்பாவுக்கு வெட்டு முடிந்தால் மூச்சு வரும். மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை செமஸ்டர் கட்டணம் வருகிறது. வெட்டும் கட்டணத் தேதியும் ஒன்றாக வருவதில்லை. தேர்வும் கட்டணக் கெடுவும் ஒரே வாரத்தில் வருவதுதான் வழக்கம். மூளைக்கு அதிக இடம் தேவைப்படும் அதே வாரத்தில் அந்த இடத்தைப் பறித்துக்கொள்ளும்படி நாம் நாட்காட்டியை வகுத்து வைத்திருக்கிறோம். அரியர் வந்ததும், கவனம் போதவில்லை என்கிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

சிங்கப்பூர் ஆய்வு ஒன்று என்னை இன்னும் யோசிக்க வைத்தது. ஒரு தொண்டு அமைப்பு ஏழைக் குடும்பங்களின் நாள்பட்ட கடன்களை ஒரே முறையில் அடைத்துக் கொடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் 196 பேரைச் சோதித்த ஆய்வாளர்கள் 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பதற்றம் குறைந்தது, கவனம் கூடியது. அடைக்கப்பட்ட பணம் எவ்வளவு என்பதைவிட அடைக்கப்பட்ட கணக்குகள் எத்தனை என்பதுதான் முக்கியமாக இருந்தது. ஒரே தொகையில் ஒருவருக்கு ஒரு கடனும் இன்னொருவருக்கு மூன்று கடன்களும் தீர்ந்தால், மூன்று தீர்ந்தவரின் மனமே அதிகம் தெளிந்தது. ஒவ்வொரு கடனும் மனத்தில் ஒரு தனிக் கணக்காக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஒரு முகம், ஒரு பொய்.

ரெக்கார்டு நோட்டுக்காரியின் விஷயத்தில் இதை நான் கண்ணால் கண்டேன். துறை ஆசிரியர்களும் பழைய மாணவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு தொகை திரட்டினோம். தண்டல்தான் அதிக வட்டி, அதை முதலில் அடைத்துவிடு, கணக்கு அதுதான் என்றேன். அவள் கேட்கவில்லை. வட்டியே இல்லாத மாமா கடனைத்தான் முதலில் கொடுத்தாள். அன்று எனக்கு அது விவரமில்லாத செயலாகப் பட்டது. அடுத்த செமஸ்டரில் இரண்டு அரியரை எழுதித் தேறினாள். தண்டல்காரருக்கு வேண்டியது பணம். மாமாவுக்குத் தர வேண்டியிருந்தது அவளுடைய வாழ்க்கை. எந்தக் கடன் தன்னை அழுத்துகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கே இரண்டு முகம். வாங்கிய பணமும் கடன்தான், செய்ய வேண்டிய கடமையும் கடன்தான். நன்றிக்கடன், நேர்த்திக்கடன், செஞ்சோற்றுக்கடன் என்று எத்தனை சொற்கள். நம் வீடுகளில் பிள்ளையைப் படிக்க வைப்பது இரண்டு பொருளிலும் நடக்கிறது. "உனக்காகத்தான் இந்தச் செயினை வச்சோம்" என்று அம்மா சொல்லும்போது குறை சொல்வதாக அவள் நினைப்பதில்லை, பாசத்தோடுதான் சொல்கிறாள். கேட்கும் பிள்ளையின் தலையில் அது வேறு கணக்காகப் பதிகிறது. மேற்கத்திய ஆய்வுகள் அளக்கும் கடன் கவலைக்குள் இது முழுதாக அடங்காது என்பது என் எண்ணம். அங்கே கடன் பெரும்பாலும் மாணவரின் பெயரில் மாணவரே சுமப்பது. இங்கே அம்மாவின் வெறுங்கழுத்தைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பார்த்துக்கொண்டே சுமப்பது. ஊர்த் திருவிழாவுக்கு அம்மா மஞ்சள் கயிற்றோடு போய் நிற்பாள். அதைப் பார்க்க முடியாமல், "பரீட்சை இருக்கு, வரலம்மா" என்று விடுதியிலேயே தங்கிவிட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

இதனால்தான் மாணவர்கள் சொல்வதில்லை. தோல்வியை வீட்டில் சொன்னால் நகையின் மேல் மண் விழுந்ததாக ஆகிவிடும். நண்பர்களிடம் சொன்னால் மானம் போகும். ஆசிரியரிடம் சொன்னால் இரக்கத்தோடு பார்ப்பார், அது இன்னும் கசப்பு. எனவே அது வேறு வடிவங்களில் வெளியே வருகிறது. கல்லூரி மருந்தகத்தில் தலைவலி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை. மெஸ் கட்டணம் குறையும் என்று இரவுச் சாப்பாட்டை விடுவது. வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் இருப்பது. கடைசி பெஞ்சில் தூங்குபவன் முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போய் விடிய விடியப் பந்தி பரிமாறிவிட்டு வந்தவனாக இருக்கலாம். இரவில் சாப்பாடு டெலிவரி செய்பவனாகவும் இருக்கலாம். பையன்கள் தூக்கத்தை விற்று நாட்களை ஓட்டுகிறார்கள். பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. கடன் முற்றினால் அவர்கள் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுவதுதான் வீட்டுக்குத் தெரிந்த தீர்வு.

அடுத்த கட்டம் வசூல். 2016 ஜூலையில் மதுரையைச் சேர்ந்த ஓர் இளம் பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பொதுத்துறை வங்கியில் வாங்கியிருந்த கல்விக் கடன், வாராக்கடன்களை விலைக்கு வாங்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. வசூல் நெருக்கடி பற்றிக் குடும்பத்தினர் குற்றம் சாட்டினார்கள். மாநிலம் முழுவதும் கொதிப்பு எழுந்தது. தற்கொலைக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்டுவது மருத்துவ அறிவுக்குப் பொருந்தாது. ஆனால் ஏழை மாணவனுக்கு அரசின் பெயரால் கொடுத்த கடனைத் தள்ளுபடி விலையில் தனியாருக்கு விற்கலாம், அதே தள்ளுபடியை அந்த மாணவனுக்குக் கொடுக்க மனம் வராது என்ற நிலை அன்று அப்பட்டமாகத் தெரிந்தது. அதை நான் அநீதி என்றே சொல்வேன்.

கல்லூரிகளும் வசூல்காரர்களாக மாறுகின்றன. கட்டணம் கேட்டு அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பது மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி புகாருக்குரியது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருக்கிறது. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இருந்தும் "நோ டியூஸ்" வாங்கி வா என்ற ஒரு வரியில் இளைஞர்களின் வேலை வாய்ப்புகள் கைநழுவுகின்றன. சான்றிதழ் இருந்தால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் பாக்கி அடையும். பாக்கி அடைந்தால்தான் சான்றிதழ் என்கிறார்கள். கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இப்படித்தான். அப்பா வாங்கிய டிராக்டர் கடன் தவறியிருந்தால் மகளின் கல்விக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. சிபில் மதிப்பெண் குறைவை மட்டும் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. கீழே வங்கிக் கிளையின் மேசைக்கு அந்த உத்தரவு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

எல்லாக் கதவும் அடைத்த பிறகு திறந்திருப்பது கைப்பேசி. 2021-இல் ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, கடன் தரும் செயலிகளில் சுமார் 1,100-ஐ ஆராய்ந்து அவற்றுள் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று 2022-இல் விதிகள் வந்தன. ஆனால் சட்டவிரோதச் செயலி விதியைப் படித்துவிட்டு வருவதில்லை. 5,000 ரூபாய் வாங்கிய மாணவனின் அத்தைக்கும், வகுப்புத் தோழிக்கும், துறைத்தலைவருக்கும் இழிவான குறுஞ்செய்தி போகும். கடன் இங்கே முற்றிலும் மானத்தின் மேல் கைவைத்து வசூலிக்கப்படுகிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் இன்னொரு சட்டமும் வந்தது. காவல் நிலையத்துக்குத் துணிந்து போகும் ஒரு மாணவனுக்குத்தான் அவை பயன்படும். தனியாகப் போக அவனால் முடியாது. யாராவது கூடப் போக வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். பள்ளி மாணவர்களும் இதில் அடக்கம். எண்ணிக்கை அதிகமுள்ள முதல் சில மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. காவல்துறை ஆவணத்தில் "தேர்வுத் தோல்வி" என்று எழுதப்பட்ட ஒன்றின் பின்னால் கட்டணப் பாக்கி இருந்ததா, தண்டல்காரர் வாசலில் நின்றாரா என்பதை அந்தப் பத்தியால் சொல்ல முடியாது. 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி மனநலப் பாதிப்பு உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயின் தன்மையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை.

2025-இல் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் இரண்டு முறை தலையிட்டது. மார்ச் மாதத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. ராகிங், சாதிப் பாகுபாடு, படிப்பு நெருக்கடி ஆகியவற்றோடு பணச்சுமையையும் காரணங்களில் ஒன்றாக ஆராயச் சொன்னது நல்ல தொடக்கம். ஜூலையில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது.

ஆலோசகர் வரட்டும், வரவேற்போம். ஆனால் அவரது அறையில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தூக்கம் வருகிறதா, மூச்சுப் பயிற்சி செய்கிறாயா, நல்லதையே நினை. அந்த மாணவி எழுந்து வெளியே வந்தால் பக்கத்து ஜன்னலில் கட்டணப் பாக்கிப் பட்டியலில் அவள் பெயர் ஒட்டியிருக்கும். மனத்தையும் பணத்தையும் இரண்டு அறைகளில் வைத்திருக்கும் வரை ஆலோசகரால் பாதி வேலையைத்தான் செய்ய முடியும். கல்லூரிக்கு ஒருவராவது, வட்டி மானியம் எது, உதவித்தொகை எங்கே நிற்கிறது, வங்கியில் தவணையைத் தள்ளிவைக்க யாரிடம் எழுத வேண்டும், செயலி மிரட்டினால் எந்தக் காவல் பிரிவு என்று தெரிந்தவராக ஆலோசகரின் அதே மேசையில் உட்கார வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சியும் வகுப்பு நேரத்தில் விலக்கும் கொடுத்தால் போதும்.

நிர்வாக மாற்றம் மனத்துக்கு மருந்தாகும் என்பதற்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு, பள்ளிப் பொதுத்தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனே துணைத்தேர்வு எழுத வழி செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. தமிழ்நாடு அதைச் செய்தது. தோற்ற பிள்ளைக்கு அறிவுரை சொல்வதைவிட, அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம் என்ற உறுதி பெரிய ஆறுதல். கட்டணக் கெடு நாளைத் தேர்வு வாரத்திலிருந்து விலக்கிவைப்பதும், பாக்கிக்காக ஹால் டிக்கெட்டையும் சான்றிதழையும் பிடிக்காமல் இருப்பதும், உதவித்தொகை வராத மாதங்களில் அந்த மாணவரின் கணக்கில் பாக்கி காட்டாமல் இருப்பதும் அத்தகைய மாற்றங்கள்தான்.

கடன் திட்டத்தையே திருத்த வேண்டியதும் உண்டு. ஆஸ்திரேலியா 1989 முதல், சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கல்விக் கடனைத் திருப்பிக் கேட்கிறது. வேலை இழந்தால் தவணை தானே நின்றுவிடும். வருமான வரி வலைக்குள் வராத கோடிக்கணக்கானோர் வேலை செய்யும் இந்தியாவில் அதை அப்படியே கொண்டுவர முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் மாதச் சம்பளம் 20,000-க்குக் கீழே என்று நிரூபிப்பவருக்குத் தவணையை நிறுத்திவைக்கவும், கல்விக் கடன்களைத் தனியார் வசூல் நிறுவனங்களுக்கு விற்பதில்லை என்று பொதுத்துறை வங்கிகள் அறிவிக்கவும் எந்தத் தடையும் இல்லை. தமிழ்நாடு அரசு இதை மத்திய அரசிடம் கேட்டுப் பெற வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. கடன் கணக்கைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம், சொல்லிக் காட்டவும் வேண்டாம். எவ்வளவு, யாரிடம், எப்போது அடைப்போம் என்று ஒருநாள் உட்கார்ந்து சேர்ந்து எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, இதில் எதுவும் உன் உயிருக்கோ உடம்புக்கோ மேல் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்கே தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். தெரியாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று. நன்றாகப் படித்தவர் திடீரென்று சரிந்தால், பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் வீட்டு நிலவரத்தைக் கேளுங்கள். தனியாகக் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மாணவருக்கு: தாங்க முடியவில்லை என்று தோன்றினால் அந்த நிமிடமே யாரையாவது அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னை ஸ்நேகாவின் எண் 044-24640050. 14416-ஐ நள்ளிரவிலும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது. தமிழில் பேசலாம்.